மானதா சொல்லாத பெயர்

எங்கள் பகுல்டாங்கா கிராமத்தில் மானதாவின் ஜபத்தைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. விடிந்ததும் கங்கையில் முழுகிவிட்டு, ஈரத்தலையோடு துளசி மாடத்தின் பக்கத்தில் உட்காருவாள். வலது கை துணிப்பைக்குள் இருக்கும். பைக்குள் துளசிமணி மாலை உருளும். வாய் மட்டும், "ஃபரே ஃபிருஷ்ண, ஃபரே ஃபிருஷ்ண, ஃபிருஷ்ண ஃபிருஷ்ண, ஃபரே ஃபரே" என்று ஓடிக்கொண்டிருக்கும். ராமன் பெயர் வரும் இடத்தில் மட்டும் நாக்கு நேராகும். மறுபடி ஃபரேயில் போய் முட்டிக்கொள்ளும்.

குறை நாக்கில் இல்லை. அவளுடைய மாமனார் வனமாலி மண்டல் பெரிய பக்தர். பிள்ளைகளைக் கூப்பிடும் சாக்கிலாவது பகவான் பெயர் வாயில் வரட்டும் என்று, மூத்தவனுக்குக் கிருஷ்ணதன் என்றும் இளையவனுக்கு ஹரிசாதன் என்றும் பெயர் வைத்தார். வயலில் இருக்கும் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டே அவருக்குப் புண்ணியம் சேர்ந்திருக்கும். வந்த மருமகள்களுக்குத்தான் வாய் கட்டிப் போயிற்று. எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும். புருஷனுடைய அண்ணனான மூத்தார் பெயரும் அப்படித்தான். இளைய மருமகளான மானதாவுக்கு ஹரியும் அடைபட்டான், கிருஷ்ணனும் அடைபட்டான். மூத்த மருமகள் சைலபாலாவுக்குப் பாதிதான் கஷ்டம். கொழுந்தன் பெயரைச் சொல்லத் தடையில்லை என்பதால் அவள் "ஹரே ஃபிருஷ்ண" என்று ஜபிப்பாள்.

மானதா கல்யாணமாகி வந்த வருஷம்தான் நானும் அடுத்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். அவளுக்கு உபதேசம் ஆன அன்று நானும் அந்த முற்றத்தில் இருந்தேன். ஆற்றைக் கடந்து நவத்வீபத்திலிருந்து அவர்கள் குலகுருவான கோசாயி வந்திருந்தார். அப்போது அவருக்கு நடுவயது. காதில் நாமத்தைச் சொல்லி, "சொல்லும்மா" என்றார். இவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். மறுபடி சொன்னார். இவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமியார்தான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "அவ எப்படிச் சொல்லுவா சாமி? ரெண்டு பேரும் முற்றத்துல தடி மாதிரி நிக்கிறானுங்களே!"

கோசாயிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுத்தை மாத்திச் சொல்லும்மா. கேக்கறவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வந்ததுதான் அந்த ஃபரே.

படித்துறையில் அவள் வாயைக் கிளறுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. எங்கள் ஜில்லாத் தலைநகரின் பெயரே கிருஷ்ணநகர். அதை அவள் சொல்ல வேண்டுமே! "மூத்தார் ஊருக்கு அடுத்த பஸ் எப்போ?" என்று கேட்பாள்.

"மூத்தார் ஊரா? அது எங்கடி இருக்கு? அங்க என்ன விசேஷம்?" என்று யாராவது தெரியாதவள் போலக் கேட்பார்கள்.

"களிமண் பொம்மை விசேஷம். உன்னைய மாதிரியே வாய் பொளந்துகிட்டு நிக்கும்" என்பாள். துணியைப் பிழிந்து கேட்டவள் முகத்தில் உதறிவிட்டுப் படியேறிப் போய்விடுவாள்.

ஹரிசாதன் மத்தளம் வாசிப்பான். களிமண் உடம்பு வைத்த நீள மத்தளம். ஊர் ஊராக நாமசங்கீர்த்தனம் பாடப் போகும் அதர்தாஸின் கோஷ்டியில் மத்தளத்துக்கு அவன்தான். ஒல்லியாக, உயரமாக, யாரையும் எதிர்த்துப் பேசாத மனுஷன். பெண்டாட்டியை வம்புக்கு இழுப்பது மட்டும் அவனுக்குச் சர்க்கரை. வெளியூரிலிருந்து வந்தால் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொள்வான்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு. அப்பத்தான் உள்ள வருவேன்."

"மத்தளக்காரரே, சோறு ஆறுது."

"இந்த ஊர்ல மத்தளக்காரன் நாலு பேர் இருக்கான். எவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு பேர்ல கிறுக்கு யாரோ அவரு வரட்டும்."

ஒரு தடவை கரையில் கட்டியிருந்த படகில் படுத்துத் தூங்கிவிட்டான். கயிறு அவிழ்ந்து படகு நடு ஆற்றுக்குப் போய்விட்டது. மானதா கரையோடு ஓடுகிறாள். "ஏங்க! ஏங்க!" என்று கத்துகிறாள். போகிற வருகிற படகிலிருந்த ஆம்பிளை எல்லாரும் எழுந்து நின்று, "என்னையா கூப்பிட்டே?" என்று கேட்கிறார்கள். சம்பந்தப்பட்ட ஆள் மட்டும் தூங்குகிறான். கடைசியில் ஒரு மீன்காரன்தான் துடுப்பால் தட்டி எழுப்பினான். "உசுரு போற அவசரத்துல கூடப் பேரைச் சொல்லலையே இவ!" என்று ஹரிசாதன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

அவர்களுக்குக் குழந்தை தங்கவில்லை. சைலபாலாவின் பெண் தருலதாவைத்தான் இரண்டு பேரும் தூக்கி வளர்த்தார்கள்.

ஒரு வருஷம் ஹோலிப் பண்டிகை முடிந்ததும் அதர்தாஸின் கோஷ்டி அஸ்ஸாம் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் பாடப் போயிற்று. மழைக்கு முன் திரும்பிவிடுவதாகப் பேச்சு. மழை முந்திக்கொண்டது. அங்கே பெருவெள்ளம் என்று செய்தி வந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் கோஷ்டி வந்து சேர்ந்தது. மத்தளத்தை அதர்தாஸ் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததுமே மானதா இடுப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அதர்தாஸ் முற்றத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "வழியில ஒரு பெரிய ஸ்டேஷன்ல வண்டி நின்னுது. தண்ணி புடிச்சிட்டு வர்றேன்னு கூஜாவை எடுத்துக்கிட்டு இறங்கினான். குழாய்க்கிட்ட கூட்டம். வண்டி நகந்துருச்சு. அடுத்த வண்டியில வந்துருவான்னு நாங்க இறங்கி ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தோம். அடுத்த வண்டியே வரலை. வெள்ளத்துல பின்னாடி பாலம் போயிருச்சுன்னாங்க."

கிருஷ்ணதன் அன்றே கிளம்பிப் போனார். தண்ணீர் வடிந்த ஊர்களில், முகாம்களில், ஆஸ்பத்திரிகளில் எல்லாம் தேடியிருக்கிறார். தாடியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தார். வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரே ஒழிய உள்ளே வரவில்லை. சைலபாலா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அதற்கப்புறம் காத்திருந்த காலம்தான். ஆளுக்கொன்று சொன்னார்கள். பிருந்தாவனத்தில் காவி கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தேன் என்றான் ஒருவன். அஸ்ஸாமில் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான் என்றாள் ஒருத்தி. அவள் சொல்லிவிட்டு மானதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மானதா முறத்தில் பொரியைப் புடைத்துக்கொண்டே, "எவளோ ஒருத்தி சோறு போட்டா சரிதான்" என்றாள். "பசி தாங்க மாட்டாரு."

வகிட்டில் குங்குமமும் கையில் வெள்ளைச் சங்கு வளையலுமாக அவள் சுமங்கலியாகவே நடமாடினாள். ஜபம் மட்டும் அதிகமாயிற்று. அடுப்பு எரிய எரிய ஒரு கை பைக்குள் இருக்கும். ஃபரேயைக் கேட்டு இப்போது எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏண்டி மானதா, நல்ல காரியத்துக்காகத்தானே இவ்ளோ ஜபம் பண்றே? இப்பவாவது எழுத்து சுத்தமாச் சொல்லலாமில்ல? பகவான் கோவிச்சுக்கப் போறாரு."

அவள் பட்டென்று என் வாயைப் பொத்தினாள். "சொல்லாம இருக்கற வரைக்கும்தான், சம்பா, அவரு இருக்காரு. நான் வாயைத் திறந்து அந்தப் பேரைச் சொல்லிட்டேன்னா, எங்கயோ உக்காந்திருக்கறவருக்கு மூச்சு அடைச்சிரும். என்னால வேற என்ன பண்ண முடியும் அவருக்கு? சோறு போட முடியுதா, வேட்டி துவைச்சுப் போட முடியுதா? இது ஒண்ணுதான்."

மாமனார் போனார், மாமியார் போனாள். தருலதா வளர்ந்து கல்யாணத்துக்கு நின்றாள். பன்னிரண்டு வருஷம் சேதி இல்லாத ஆளை இறந்தவனாக வைத்துக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. தர்ப்பையில் உடம்பு முடைந்து, தேங்காயைத் தலையாக வைத்து, புரச இலை பரப்பி, அந்தப் பொம்மையைக் கொண்டுபோய் எரிப்பார்கள். தருலதாவைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் கேட்டார்கள். காரியம் ஆகாத சாவு வீட்டில் கிடக்கும்போது பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தப் பேச்சு நடந்த சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தேன். தம்பி பெண்டாட்டியிடம் மூத்தார் நேரே பேசக் கூடாது. கிருஷ்ணதன் வெளியே பலா மரத்தைப் பார்த்து நின்றுகொண்டார். சைலபாலா வாசற்படியில் நின்றாள். உள்ளே மானதா முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவகிட்ட சொல்லு" என்றார் மரத்தைப் பார்த்தபடி. "பொண்ணுக்காக மட்டும் இல்லைன்னு சொல்லு. தம்பி எங்கயாவது தண்ணிக்கடியில கிடந்து, ஒரு பிடி எள்ளும் தண்ணியும் இல்லாம அலைஞ்சா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்னு சொல்லு."

"காதுல விழுந்துது" என்றாள் மானதா சைலபாலாவிடம். "அவரு உசுரோட திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேளுக்கா."

கிருஷ்ணதன் மரப்பட்டையை நகத்தால் கீறினார். "அதுக்கும் முறை இருக்கு. புதுசாப் பொறந்த மாதிரி வச்சு, மறுபடி பேர் வச்சு, மறுபடி இவளையே கட்டி வைப்பாங்க."

மானதாவுக்கு முக்காட்டுக்குள் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "மறுபடி பேர் வைக்கறப்ப, நான் ஜபம் பண்ண இடைஞ்சல் இல்லாத பேரா வைக்கச் சொல்லுக்கா."

கிருஷ்ணதன் பலா மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். சைலபாலா உள்ளே வந்து மானதாவின் காலடியில் உட்கார்ந்தாள். "வேண்டாம்னு சொல்லிரு மானு. நீ வேண்டாம்னா நான் அந்த இடத்தை வேண்டாம்னு சொல்லிர்றேன். வேற மாப்பிள்ளையா கிடைக்காது?"

"நான் தூக்கி வளத்த பொண்ணுக்கா அது" என்றாள் மானதா. "பண்ணிருங்க."

காரியத்தன்று முற்றத்தில் மூங்கில் பாடை கட்டினார்கள். பொம்மைக்கு ஹரிசாதனின் பழைய வேட்டியைப் போர்த்தினார்கள். மானதா அதைப் பார்த்து அழவில்லை. "உயரம் குறைச்சலா இருக்கே" என்று மட்டும் சொன்னாள். கோசாயி வந்து ஓரமாக நின்றார். அவரும் கிழவராகியிருந்தார்.

ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். எங்கள் ஊரில் பிணம் தூக்குகிறவர்கள் சுடுகாடு வரைக்கும் ஒரே கோஷம்தான் போடுவார்கள். "சொல்லு ஹரி! ஹரி சொல்லு!" யார் செத்தாலும் அதுதான். அன்றும் பழக்கதோஷத்தில் அதையே போட்டார்கள். வேலி தாண்டியதும் தொண்டை கிழிய, "சொல்லு ஹரி! ஹரி சொல்லு!"

நானும் சைலபாலாவும் ஆளுக்கொரு பக்கம் மானதாவைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கோஷம் ஒவ்வொரு தடவை எழும்போதும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு எங்கள் கையை உதறிவிட்டு ஓடினாள். முக்காடு போயிற்று, கூந்தல் அவிழ்ந்தது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

படித்துறைக்குப் போகும் மேட்டில் ஏறியதும்தான் அந்தக் குரலைக் கேட்டேன். அவள் வாயிலிருந்து நான் என்றைக்கும் கேட்டிராத பெயர்.

"ஹரி! ஹரிசாதன்! ஹரி! ஹரி! ஹரி!"

பாடை வலது பக்கமாகச் சுடுகாட்டுக்குத் திரும்பிவிட்டது. அவள் நேரே தண்ணீருக்கு ஓடினாள். முழங்கால் அளவு நீரில் நின்று, அக்கரையைப் பார்த்துக் கை இரண்டையும் தூக்கிக் கூப்பிட்டாள். அவ்வளவு வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. கடைசியில் குரல் போய் உதடு மட்டும் அசைந்தது.

அன்று பௌர்ணமி. தூர தேசத்து யாத்திரிகர்கள் ஒரு பெரிய கூட்டம் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எங்கள் கதை தெரியாது. தலைவிரி கோலமாக ஒரு பெண் ஹரி ஹரி என்று அலறிக்கொண்டு கங்கையில் இறங்குவதைத்தான் பார்த்தார்கள். ஒரு கிழவர் ஈர வேட்டியோடு படியில் விழுந்து கும்பிட்டார். பிறகு எல்லாரும் விழுந்தார்கள். "மாதாவுக்கு ஆவேசம் வந்திருக்கு" என்று ஒருத்தி அழுதுகொண்டே தண்ணீருக்குள் வந்து இவள் காலைத் தொட்டாள்.

"தள்ளிப் போங்கம்மா! அவ புருஷன் செத்துட்டான்!" என்று சைலபாலா கத்தினாள். யார் காதிலும் விழவில்லை.

அதே நீரில் நிறுத்தித்தான் வளையலை உடைத்தோம். குங்குமத்தைத் தேய்த்துக் கழுவினது சைலபாலாவின் கை.

தருலதாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் படித்துறைச் செய்தி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு படகு நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஹரிநாமத்தில் பித்தேறிய மாதா எங்கே என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சர்க்கரை மிட்டாயும் வாழைப்பழமும் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள். "ஒரே ஒரு தடவை எங்க காதுல நாமம் சொல்லுங்கம்மா" என்று ஒரு பெண் தன் நோயாளிக் குழந்தையை நீட்டினாள். மானதா மாட்டுக் கொட்டகைக்குள் ஓடி வைக்கோலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் போய்த் தேடியபோது என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நான் பகவானைக் கூப்பிடலடி சம்பா. சத்தியமா அவர் நினைப்பே எனக்கு இல்ல. என் புருஷனைத்தான் கூப்பிட்டேன். இவங்க காலைத் தொடறாங்களே, என்னத்துல போய் விழுவேன் நான்?"

அடுத்த நாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து கோசாயியிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். "சுத்தமா அந்தப் பேரைச் சொன்னா அவரு முகம்தான் வருது சாமி. செத்தவரைக் கூப்பிடற மாதிரி இருக்கு. பழையபடி மாத்திச் சொல்லலாம்னா, அவரு இருக்கற மாதிரி நடிக்கறேன்னு தோணுது. ரெண்டும் முடியல. நான் எதைச் சொல்ல?"

அந்தக் காலத்தில் வயிறு குலுங்கச் சிரித்த மனுஷன் இப்போது சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியலையேம்மா" என்றார். "புஸ்தகத்துல இருக்கறது எதுவும் இப்ப உனக்கு ஆகாது." அடுத்த பௌர்ணமியன்று முடியாத உடம்போடு படகில் வந்து, மானதா வீட்டு வேலிக்கு முன் ஒரு பாய் போட்டு உட்கார்ந்தார். வந்த கூட்டத்தைக் கைகூப்பித் திருப்பி அனுப்பினார். "இது துக்க வீடு. போயிருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சில மாதத்தில் கூட்டம் நின்றுபோயிற்று.

ஜபப்பை வெகுகாலம் ஆணியில் தொங்கியது. பிறகு எப்போது எடுத்தாள் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் காலையில் பார்த்தேன். வெள்ளைப் புடவையில் துளசி மாடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை பைக்குள் இருந்தது, மணி உருண்டது. உதடு ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் அவள் ஜபத்தை யாரும் கேட்டதில்லை.

கிருஷ்ணதன் பத்து நாள் படுக்கையில் கிடந்து போனார். இப்போது சைலபாலாவுக்கும் தடை விலகிவிட்டது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலை அவள் பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ஹரே" என்றாள். அடுத்த சொல் வரவில்லை. மறுபடி "ஹரே" என்றாள். வாய் கோணிக்கொண்டு போயிற்று. மானதா நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதைச் சொல்றே மானு? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணும் சொல்றதில்லக்கா. உருட்டறேன். எது வருதோ வரட்டும்."

"அன்னிக்கு உன் நெத்தியைத் தேச்சுக் கழுவினேனே, இந்தக் கைதானே..."

"அழாதேக்கா. பொரி வறுக்கணும். மணல் காயப் போட்டியா?"

இரண்டு பெண்களும் அந்தப் பெரிய வீட்டில் ஒருவருக்கொருவர் துணையாகச் சில வருஷம் இருந்தார்கள். தருலதா குழந்தைகளோடு வந்தால் வீடு கலகலக்கும், போனால் அடங்கிவிடும். மானதா ஒரு மழைக்காலக் காய்ச்சலில் படுத்தாள். தருலதா வந்து கூட இருந்தாள். வைத்தியர் மருந்து எழுதினார், காய்ச்சல் நிற்கவில்லை. கடைசி நேரத்தில் அக்கம்பக்கத்தார் சூழ்ந்து காதில் நாமம் சொன்னார்கள். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல் மட்டும் கட்டைவிரலோடு சேர்ந்து மெதுவாக உருண்டது. பிறகு அதுவும் நின்றது.

உடம்பைக் குளிப்பாட்டிப் புதுத்துணி போர்த்தினோம். சைலபாலா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தருலதாவின் குங்குமச் சிமிழ் இருந்தது. உட்கார்ந்து, ஒரு சிட்டிகை எடுத்து, மானதாவின் நரைத்த வகிட்டில் முன்நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் நீளமாக இழுத்தாள்.

பெண்கள் திடுக்கிட்டுப் போனார்கள். "என்ன பண்றே பெரியவளே? அவ விதவைடி! அடுக்குமா?" என்றாள் ஒரு கிழவி.

சைலபாலா தலை நிமிரவில்லை. சிந்திய பொடியை மானதாவின் மூக்கிலிருந்து புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அவன் செத்ததை உங்கள்ல எவ பாத்தா?" என்று கேட்டாள். "பாத்தவ வந்து அழிங்க."

யாரும் போகவில்லை. வெளியே மூங்கிலைக் கட்டி முடித்துவிட்டு ஆண்கள் கூப்பிட்டார்கள்.